கன்னம் வலிக்கும் நாட்கள்

ஜூன் 9, திங்கள்

டாக்டர் நிலோஃபர் எழுதச் சொன்னார் என்பதற்காக எழுதுகிறேன். ரத்தம், தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்தாகிவிட்டது. எதிலும் குறை இல்லை. குறை இல்லை என்று கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏதாவது இருந்திருந்தால் மாத்திரை கொடுத்திருப்பார்கள்.

"ஒரு மாசத்துக்கு எழுதிப் பாருங்க கெத்சியா. எப்ப சோர்வு வருது, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, அவ்வளவுதான். என்கிட்ட காட்டணும்னுகூட இல்ல" என்றார்.

வண்ணார்பேட்டையில் மனநல டாக்டரிடம் போவதை வீட்டில் சொல்லவில்லை. கணவர் ஜெபராஜிடம் ரத்தசோகை என்று சொல்லியிருக்கிறேன். அவர் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்க்கிறார், வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். முருங்கைக்கீரை வாங்கி வருவதாகச் சொன்னார்.

இன்று நடந்தது: நான் வேலை பார்க்கும் கண் மருத்துவமனையில் நல்ல கூட்டம். கண் புரை முகாமிலிருந்து இரண்டு வேன் வந்தது. வரவேற்பு மேஜையில் நான்தான். யாரும் குறை சொல்லவில்லை. நாலரைக்கு வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். மடியில் கைப்பை. அதைக் கீழே வைக்க வேண்டும் என்று தெரிகிறது, கை போகவில்லை. மகள் லீதியா பள்ளி வேனிலிருந்து இறங்கி வந்து, தானே பால் எடுத்துக் குடித்து, வீட்டுப்பாடமும் முடித்துவிட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளை. நான் அப்போதும் பையோடு உட்கார்ந்திருந்தேன். சோம்பேறித்தனம். வேறென்ன?

ஜூன் 10, செவ்வாய்

துணி மடிக்கவில்லை. மாவு அரைக்கவில்லை. சோம்பேறி.

ஜூன் 12, வியாழன்

வரவேற்புப் பிரிவு மேலாளர் கோமதி மேடம் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். "கெத்சியாவப் பாருங்கட்டி. பதினோரு வருசமா அதே சிரிப்பு. பேஷண்ட் திட்டினாலும் அதே சிரிப்பு. கத்துக்கிடுங்க." ஜூலை ஒன்றிலிருந்து நான்தான் வரவேற்புக்கு இன்சார்ஜ். புதிதாக ஆறு பெண்கள் சேருகிறார்கள், அவர்களுக்கு நான் பயிற்சி கொடுக்க வேண்டும். நன்றி சொன்னேன்.

என்ன பயிற்சி கொடுப்பது என்று யோசித்துக்கொண்டே பேருந்தில் வந்தேன். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்கக்கூடாது, புருவங்களுக்கு நடுவில் பார்க்க வேண்டும். அவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. அவர் பேசி முடித்ததும் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டுப் பேச வேண்டும், இல்லாவிட்டால் குறுக்கே பேசிவிடுவோம். 'சாப்பிட்டீங்களா' என்று கேட்டால் அவர்கள் முகம் மலரும். சிரிப்பு, கல்லூரி விடுதியில் பெனிட்டாவிடமிருந்து கற்றது. இரண்டு வருடம் அவள் சிரிப்பதைப் பார்த்துப் பார்த்துக் கண்ணாடி முன் பழகினேன். அதற்கு முன் எனக்கு வைத்திருந்த பெயர் 'மரப்பாச்சி'.

எல்லோரும் இப்படித்தான் எங்காவது கற்றுக்கொண்டிருப்பார்கள்.

ஜூன் 14, சனி

லீதியாவுக்குப் பள்ளி விடுமுறை. ஜெபராஜுக்குக் கப்பல் வந்திருப்பதால் நாளைதான் வருகிறார். அதனால் அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். மருந்துக்கடை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, மாத்திரை அட்டைப்பெட்டிகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நடுநடுவே என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெரியவரின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன். ஒரு கைக்குழந்தையிடம் நாக்கைத் துருத்திக் காட்டினேன்.

திரும்பி வரும்போது பேருந்தில் என் காதருகே வந்து கேட்டாள்.

"அம்மா, ஆஸ்பத்திரில இருக்க அம்மாவ வீட்டுக்குக் கூட்டிட்டு வரலாமா?"

"நாந்தானட்டி அது."

"இல்ல. அந்த அம்மா சிரிக்காங்க."

பேருந்தில் கூட்டம் அதிகம். சமாதானபுரத்தில் இறங்கி வாழைப்பழம் வாங்கினோம்.

ஜூன் 15, ஞாயிறு

ஆலயத்துக்குப் போய் வந்தோம். ஜெபராஜ் முருங்கைக்கீரையோடு வந்தார். நாளையிலிருந்து வீட்டிலும் அதே மாதிரி இருப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். ஊரார் பிள்ளைக்கெல்லாம் சிரிக்கத் தெரிகிறவளுக்குச் சொந்தப் பிள்ளைக்குச் சிரிக்க என்ன கேடு?

ஜூன் 18, புதன்

மூன்று நாளாக நன்றாகப் போகிறது. வேன் வரும்போது வாசலில் நிற்கிறேன். சிரிக்கிறேன். "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்கிறேன். லீதியாவுக்கு அவ்வளவு சந்தோஷம். நேற்று அடை சுட்டேன், இன்று பணியாரம். இடையில் ஒருமுறை குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். தண்ணீர்ச் சத்தம் நன்றாக இருந்தது. கொஞ்ச நேரம்தான்.

"அம்மா, எவ்வளவு நேரமா குளிக்கீங்க?" என்று அவள் கதவைத் தட்டியபோது வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான் குளிக்கவே இல்லை.

ஜூன் 20, வெள்ளி

மோட்டாரை அணைக்க மறந்து, மாடித் தொட்டி நிரம்பி, கீழே வீட்டுக்கார அண்ணாச்சி காயப்போட்டிருந்த மல்லி, மிளகாய் வற்றலெல்லாம் நனைந்துவிட்டது. போய் மன்னிப்புக் கேட்டேன். சிரித்துக்கொண்டே கேட்டேன் போலிருக்கிறது. "இதுல சிரிக்க என்னம்மா இருக்கு?" என்றார்.

ஜெபராஜ் போனில், "இந்த வாரம் நல்லா தெளிவா இருக்க. கீரைதான் வேலை செஞ்சிருக்கு" என்றார். ஆமாம் என்றேன்.

ஜூன் 23, திங்கள்

லீதியாவின் வகுப்பு ஆசிரியை பிரிசில்லா மிஸ் வரச் சொல்லியிருந்தார். அரை நாள் விடுப்பு போட்டுப் போனேன்.

"படிப்புல ஒரு குறையும் இல்ல மேடம். ஆனா யாரோடயும் சேர மாட்டேங்கா. இன்டர்வெல்ல எல்லாப் பிள்ளைகளும் விளையாடுது, இவ தண்ணிக் குழாய்கிட்டப் போய்த் தனியா உக்காந்துக்கிடுதா. கூப்ட்டா வாரா, ஆனா மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டேங்கா. வளர்ற பிள்ளை, இப்பவே சரி பண்ணிடணும்லா?"

"சரி பண்ணிடுதேன் மிஸ்."

"நீங்க அந்தக் கண்ணாஸ்பத்திரில இருக்கீங்கல்ல? எங்க அத்தைய கூட்டிட்டு வந்திருக்கேன். எவ்வளவு அழகாப் பேசுனீங்க! உங்க பிள்ளைக்கு அது வர வேண்டாமா?"

வரும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். வெளியே வந்தபோது இடைவேளை. தூரத்திலிருந்தே பார்த்தேன். லீதியா குழாய் மேடையில் உட்கார்ந்து, சொட்டுகிற தண்ணீருக்குக் கீழே விரலை நீட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகம் அமைதியாக இருந்தது. கூப்பிடவில்லை.

ஜூன் 26, வியாழன்

லீதியாவுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். புருவத்துக்கு நடுவில் பார். ஒன்று, இரண்டு எண்ணு. அப்புறம் பேசு. அவர்கள் சிரித்தால் நீயும் சிரி, எதற்கு என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

"இதுதான் நீங்க ஆஸ்பத்திரில செய்றதாம்மா?"

"ஆமா."

"ஓ" என்றாள். பெரிய ரகசியம் கிடைத்த மாதிரி கண் விரிந்தது. "அப்ப எனக்கும் வரும்."

இரண்டே நாளில் பழகிவிட்டாள். எனக்கு இரண்டு வருடம் ஆனது. சந்தோஷப்பட வேண்டும். இரவுச் சாப்பாடு செய்ய முடியவில்லை, ரொட்டி வாங்கிக் கொடுத்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

இன்சார்ஜ். ஆறு பெண்கள். எட்டு மணி நேரத்தில் கழிவறைக்குக்கூடத் தனியாகப் போக முடியவில்லை, ஒருத்தி கூடவே வருகிறாள். "அக்கா, உங்களுக்குக் கோவமே வராதா?" என்று கேட்டாள். சிரித்தேன்.

ஜூலை 3, வியாழன்

பிரிசில்லா மிஸ் போன் செய்தார். லீதியாவிடம் அப்படியொரு மாற்றமாம். நான்கு பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுகிறாளாம். "என்ன மந்திரம் போட்டீங்க மேடம்?" என்றார்.

வேனிலிருந்து இறங்கியவள் ஷூவைக்கூடக் கழற்றாமல் படுத்துத் தூங்கிவிட்டாள். ஆறு மணிக்கு எழுப்பினேன். எழவில்லை. சாப்பாடும் வேண்டாம் என்றாள்.

ஜூலை 4, வெள்ளி

லீதியா வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முதுகில் பள்ளிப்பை அப்படியே இருந்தது. முன்னால் சரிந்து, தரையைப் பார்த்துக்கொண்டு.

"பையக் கழட்டுட்டி."

"இருங்கம்மா. இப்ப முடியாது."

நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். அந்த முகத்தை எனக்குத் தெரியும். வெளியிலிருந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான். பக்கத்தில் போய்ப் பையை நானே மெதுவாகக் கழற்றினேன். அவள் தடுக்கவில்லை. சோம்பேறிப் பிள்ளை என்று எனக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. பாவம், எவ்வளவு களைத்திருக்கிறாள் என்றுதான் தோன்றியது.

ஜூலை 5, சனி

காலையில் பீரோ கண்ணாடி முன்னால் லீதியா நின்றிருந்தாள். சிரிக்கிறாள், நிறுத்துகிறாள், உதட்டை அசைத்து எண்ணுகிறாள், மறுபடி சிரிக்கிறாள். நான் பின்னால் நிற்பது தெரிந்ததும் திரும்பினாள்.

"அம்மா, கன்னம் வலிக்கி. உங்களுக்கும் வலிக்குமா?"

இதுவரை யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.

"வலிக்கும்" என்றேன்.

"எப்ப நிக்கும்?"

அவளுக்குத் தலை பின்னிவிட்டேன். பின்னி முடித்து, அவிழ்த்து, மறுபடியும் பின்னினேன்.

ஜூலை 7, திங்கள்

எழுதியே ஆக வேண்டும். காலை பதினொரு மணிக்கு ஒரு பெரியவர் வந்து, "தாயி, கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுற ரூம் எது?" என்று கேட்டார். எனக்குத் தெரியும். இடது பக்கம், மூன்றாவது கதவு. வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. தொண்டை அடைக்கவில்லை, வலியும் இல்லை. சொல்லே இல்லை. சிரிப்பு மட்டும் முகத்தில் இருந்தது. அவர் மறுபடி கேட்டார். புதிய பெண்களில் ஒருத்தி ஓடி வந்து அவரைக் கூட்டிப்போனாள். நான் எழுந்து, படுக்கை விரிப்புகள் அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கோமதி மேடம் வந்து பி.பி. பார்க்கச் சொன்னார். சரியாக இருந்தது. "எல்லாம் நார்மல்மா, பின்ன என்ன?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன். ஆட்டோ பிடித்து அனுப்பிவைத்தார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

படுத்திருந்தேன்.

ஜூலை 9, புதன்

ஜெபராஜ் விடுப்புப் போட்டு வந்திருக்கிறார். கஞ்சி வைத்துக் கொடுத்தார். மதியம் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்குப் பேச்சு திரும்பியிருந்தது, கொஞ்சமாக.

"ரத்தசோகை இல்ல" என்றேன். வண்ணார்பேட்டை டாக்டரைப் பற்றிச் சொன்னேன். புருவத்து நடுவில் பார்ப்பது, எண்ணுவது, பெனிட்டாவின் சிரிப்பு, எல்லாவற்றையும் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"எல்லாருக்குந்தான் டயர்டா இருக்கு கெத்சி. நான் கப்பல்காரங்ககிட்ட நடிக்கலியா?"

"நீங்க வீட்டுக்கு வந்து சட்டையக் கழட்டுனதும் சரியாயிருதீங்க. எனக்கு அப்படி ஆக மாட்டேங்கி."

அவர் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, கேட்கக் கூச்சப்படுகிற குரலில் கேட்டார்.

"அப்ப எங்கிட்டச் சிரிச்சதெல்லாம்?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு நன்றாக வரும்.

"கல்யாணமான புதுசுல அதுவும் அப்படித்தான். ஒரு வருசம் இருக்கும். அப்புறம் உங்ககிட்ட அத விட்டுட்டேன்."

"ஆமா. விட்டுட்ட. பிடிக்காமப் போச்சுன்னு நெனச்சேன்."

"இல்ல. உங்க பக்கத்துல மட்டுந்தான் சும்மா இருக்க முடிஞ்சுது."

அவர் எழுந்து வெளியே போனார். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். நான் எட்டிப் பார்த்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று எனக்குப் பிடிபடுவதே இல்லை. பக்கத்துப் படியில் போய் உட்கார்ந்தேன். போ என்று அவர் சொல்லவில்லை.

ஜூலை 10, வியாழன்

இந்த நோட்டை டாக்டர் நிலோஃபரிடம் கொடுத்தேன். ஜெபராஜும் வந்து வெளியே காத்திருந்தார். டாக்டர் கடைசிப் பக்கம்வரை படித்தார். ஆட்டிசமாக இருக்கலாம் என்றார், அதற்கான முழுப் பரிசோதனைக்கு இன்னும் இரண்டு மூன்று முறை வர வேண்டுமாம்.

"நான் பேசுறேனே டாக்டர். அதும் நாள் பூராப் பேசுற வேலை."

"பேசுறீங்க. நீங்க ரெண்டு வேலை பாக்கீங்க கெத்சியா. ஒண்ணு ஆஸ்பத்திரி வேலை. இன்னொண்ணு, எல்லார மாதிரியும் தெரியிற வேலை. ரெண்டாவது வேலைக்கு லீவே கிடையாது. போன மாசம் அத வீட்டுக்கும் கொண்டுவந்துட்டீங்க. பின்ன உடம்பு எப்படித் தாங்கும்?"

டாக்டர் நோட்டின் முதல் பக்கங்களைப் புரட்டினார்.

"உங்களப் பத்திச் 'சோம்பேறி'ன்னு எழுதியிருக்கீங்க. பாப்பா பையோட உக்காந்திருந்தான்னும் எழுதியிருக்கீங்க. அவளுக்கு ஏன் அந்த வார்த்தைய எழுதல?"

"அவ களைச்சுப் போயிருந்தா."

டாக்டர் நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வரும்வரை பைக்கில் ஜெபராஜின் முதுகில் தலையைச் சாய்த்திருந்தேன். வண்டி குலுங்கும்போதெல்லாம் ஹெல்மெட் இடித்தது.

ஜூலை 11, வெள்ளி

கோமதி மேடத்திடம், நோயாளிகளின் கோப்புகள் வைக்கும் ரெக்கார்ட் ரூமுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன். நேற்று ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்தும் வாய் குழறியது.

"இன்சார்ஜ விட்டுட்டு ரெக்கார்ட் ரூமா? தூசிக்குள்ள? கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"அங்க நல்லா வேலை பாப்பேன் மேடம்."

"இங்க உன் சிரிப்பப் பாத்துதாம்மா பேஷண்ட் வாராங்க. தீபாவளி முடியட்டும், யோசிப்போம்."

தீபாவளிக்கு மூன்று மாதம் இருக்கிறது. அதுவரை அதே மேஜை, அதே ஆறு பெண்கள். அறையை விட்டு வெளியே வந்தால் இருபது பேர் வரிசையில் நிற்கிறார்கள். நேராகப் போய் உட்கார்ந்தேன். வழி சொன்னேன், டோக்கன் கொடுத்தேன். சிரிப்பை மட்டும் பாதியாகக் குறைத்துப் பார்த்தேன். யாரும் திரும்பிப் போகவில்லை. சாப்பாட்டு நேரத்தில் டப்பாவை எடுத்துக்கொண்டு ரெக்கார்ட் ரூமுக்குப் போய்த் தனியாகச் சாப்பிட்டேன். "எங்களோட உக்காரலியா அக்கா?" என்று கேட்டார்கள். "இல்லம்மா, தனியாச் சாப்பிடுதேன்" என்றேன். காரணம் சொல்லவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

ஆலயத்துக்குப் போகவில்லை. மூன்று பேரும் வீட்டில் ஆளுக்கொரு மூலையில் கிடந்தோம். லீதியாவிடம், வாசலில் நின்று சிரிக்கிற அம்மா இனி வரமாட்டாள் என்று சொன்னேன். பேசத் தெம்பு இல்லாதபோது 'இப்ப முடியாது' என்று சொல்லிவிடுவேன், அப்படிச் சொன்னால் உன்மேல் கோபம் என்று அர்த்தம் இல்லை என்றேன்.

"நானும் சொல்லலாமா?"

"சொல்லலாம்."

"இப்ப முடியாது" என்று சொல்லிவிட்டு, மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். ஜெபராஜ் என்னைப் பார்த்தார். இருக்கட்டும் என்று கையைக் காட்டினேன்.

ஜூலை 14, திங்கள்

பிரிசில்லா மிஸ் சாயங்காலம் வரச் சொல்லியிருந்தார். சுதந்திர தின விழாவில் லீதியாவை மேடையேற்றி நிகழ்ச்சிகளைத் தொகுத்துப் பேச வைக்கப்போகிறாராம். "இப்ப எப்படிப் பேசுதா தெரியுமா? அப்படியே உங்கள மாதிரி!"

லீதியா வகுப்பு வாசலில் நின்றிருந்தாள். மிஸ் பார்க்கிறார் என்பதால் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"வேண்டாம் மிஸ்" என்றேன்.

"ஏன் மேடம்?"

"நான் போன தடவ சரி பண்ணுதேன்னு சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். சரி பண்ண அவகிட்ட ஒண்ணும் இல்ல. இன்டர்வெல்ல அவ குழாய்ப் பக்கமே உக்காரட்டும். அப்பத்தான் அடுத்த பீரியடுக்கு அவளுக்குத் தெம்பு இருக்கும்."

இதையெல்லாம் அவருடைய மேஜையிலிருந்த வருகைப் பதிவேட்டின் மூலையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். மிஸ்ஸின் குரல் மாறிவிட்டது.

"என்ன மேடம் நீங்க? எம் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க."

"பாத்தா எனக்குப் பேச வராது மிஸ். பேசணும்னா பாக்க முடியாது. ரெண்டுல ஒண்ணுதான். இன்னைக்குப் பேச வந்திருக்கேன்."

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். மிஸ் பதிவேட்டை இழுத்து மூடினார். பிறகு, தலைமையாசிரியையிடம் பேச வேண்டியிருக்கும் என்றும், பிள்ளையின் எதிர்காலத்தை நான் கெடுப்பதாகவும் சொன்னார். தலைமையாசிரியையிடமும் இதையே சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்தேன். அவர் வணக்கம் சொல்லவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

லீதியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளி வாசலுக்கு வந்தோம்.

"அம்மா, மிஸ்ஸுக்கு உங்களப் பிடிக்கல."

"ஆமாட்டி."

"பரவால்லயா?"

யோசித்துப் பார்த்தேன். பரவாயில்லை என்று சொல்ல முடியவில்லை. நாளைக்கு அந்த மேஜை இருக்கிறது, தலைமையாசிரியை இருக்கிறார், தீபாவளிவரை நாட்கள் இருக்கின்றன.

"தெரியலட்டி. ஆனா பசிக்கி" என்றேன்.

"எனக்கும்."

மார்க்கெட் முனையில் ஒரு பேக்கரி. ரோட்டைப் பார்த்தபடி ஒரு நீளப் பெஞ்சு கிடந்தது. ஆளுக்கொரு தேங்காய் பன் வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். அவள் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை. கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, அம்மாவும் மகளும் சண்டையா?" என்று கேட்டார்.

"சண்டை எல்லாம் இல்ல" என்றாள் லீதியா, ரோட்டைப் பார்த்துக்கொண்டே. என் பன்னிலும் பாதியைப் பிய்த்து எடுத்துக்கொண்டாள்.